பழைய அலுமினிய வள்ளம் திருத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்ராறியோவில் மீன்பிடிக்கப் போகும் நம்மவர்கள் பலர் முதன்முதலில் வாங்குவது 12 அல்லது 14 அடி நீளமான பழைய அலுமினிய வள்ளம். கைக்கு வரும்போதே அது எங்கேயோ ஒழுகிக்கொண்டிருக்கும். சிம்கோ ஏரிக் கரையிலும் ஸ்கூகொக் பக்கத்திலும் ஸ்காபரோ வீட்டு வாசல்களிலும் என்னிடம் வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன். எல்லாப் பதிலுக்கும் அடியில் ஒரு விஷயம் இருக்கிறது: ஒழுக்கு எங்கே என்று தெரியாமல் எதையும் பூசாதீர்கள்.

அண்ணை, பழைய வள்ளம் ஒண்டு மலிவா வருகுது. வாங்கலாமோ, பிறகு தலையிடியோ?

வாங்கலாம், ஆனால் முதலில் பின்பலகையைப் பாருங்கள். எஞ்சின் மாட்டும் இடத்தில் அலுமினியத் தகட்டோடு சேர்த்து ஒரு தடித்த மரப்பலகை இருக்கும். கடைகளில் அந்தப் பகுதியை ட்ரான்ஸம் என்பார்கள். எஞ்சினின் கீழ்ப்பாகத்தைப் பிடித்து மெதுவாக மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். எஞ்சினோடு சேர்ந்து வள்ளத்தின் பின்பக்கமும் வளைந்து கொடுத்தால் உள்ளே பலகை உக்கிவிட்டது. அதைத் திருத்தலாம். ஆனால் அந்த வேலையையும் கணக்கில் வைத்து விலை பேச வேண்டும்.

பிறகு கீழே குனிந்து அடியைப் பாருங்கள். நடுவில் நீளமாக ஓடும் ஏரா தேய்ந்து மெலிந்திருக்கிறதா, இருக்கைகளுக்கும் குறுக்குச் சட்டங்களுக்கும் நேர் கீழே மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று கவனியுங்கள். நசுங்கல்களுக்குப் பயப்பட வேண்டாம், அநேகமான நசுங்கல் கண்ணுக்குத்தான் உறுத்தும். ஆனால் அடி முழுவதும் யாரோ தாரும் சிலிக்கனும் அப்பியிருந்தால் யோசியுங்கள். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது.

அடையாள எண்ணையும் பாருங்கள். 1981 ஆகஸ்ட் 1க்குப் பிறகு கனடாவில் செய்த, அல்லது கனடாவுக்குள் கொண்டுவந்த வள்ளங்களுக்கு 12 எழுத்தும் இலக்கமும் கொண்ட அடையாள எண் இருக்க வேண்டும். அது பின்பக்கத்தின் வலது மேல்மூலையில் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த இடம் அரத்தால் தேய்க்கப்பட்டிருந்தால் விலை எவ்வளவு மலிவானாலும் விட்டுவிட்டு வாருங்கள். வாங்கினால், விற்பவர் கையெழுத்திட்ட விற்பனைக் கடிதம் ஒன்றையும் கேட்டு எடுங்கள்.

ரிவெட் அடிச்ச வள்ளம் நல்லதோ, வெல்டிங் செய்தது நல்லதோ?

இரண்டிலும் நல்லது உண்டு. ரிவெட் என்பது தகடுகளைத் துளையில் கோத்து, முனையை நசுக்கி இறுக்கும் ஆணி. வெல்டிங் செய்த வள்ளத்துக்குத் தடித்த தகடு போடுவார்கள், ஆகவே பாரமும் விலையும் கூடும். அது பொருத்துகளில் ஒழுகாது. கெட்டால் வெல்டிங் ஓரத்தில் வெடிக்கும், அப்போது தெரிந்த வெல்டரிடம்தான் போக வேண்டும். ரிவெட் வள்ளம் இலேசானது. காலப்போக்கில் ஒழுகத் தொடங்கும், ஆனால் அந்த ஒழுக்கை வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து நிறுத்தலாம். 14 அடி வள்ளத்தை இரண்டு பேர் தூக்கி இறக்கப் போகிறீர்கள் என்றால் ரிவெட் வள்ளமே போதும்.

இந்த ரிவெட் முறை விமானத்திலிருந்து வந்தது. அமெரிக்காவின் கிரம்மன் நிறுவனம் இரண்டாம் உலகப் போரில் போர் விமானம் செய்தது. 1944இல் அதன் துணைத் தலைவர் வில்லியம் ஹொஃப்மன், அடிரொண்டாக் மலைப் பகுதியில் பாரமான மரக் கனூ ஒன்றைத் தோளில் சுமந்து அலுத்துப்போய், விமானத் தகட்டில் ஒன்று செய்தால் என்ன என்று யோசித்தார். போர் முடிகிற காலத்தில் அலுமினியக் கனூக்கள் வெளிவரத் தொடங்கின. இன்றும் வள்ளத்தின் ரிவெட்டைத் திருத்த நாம் செய்வது விமானத் தொழிலாளர்கள் செய்த அதே வேலைதான். அதனால் விமானத் திருத்தத்துக்கு விற்கும் கருவிகளும் ரிவெட்டுகளும் நமக்கு அப்படியே உதவும்.

அலுமினியம் துருப்பிடிக்காதுதானே? பிறகேன் ஓட்டை விழுகுது?

இரும்பு போலத் துருப்பிடிக்காது. காற்றுப் பட்டதும் அதன் மேல் மெல்லிய ஒக்சைட் தோல் ஒன்று உருவாகும், அதுதான் காவல். காற்றும் தண்ணீரும் வந்துபோகும் இடத்தில் அந்தத் தோல் கீறுப்பட்டாலும் தானாகத் திரும்பி வரும்.

கெடுவது, ஈரம் ஒட்டிக்கொண்டு காற்றுப் படாமல் கிடக்கும் இடங்களில். அடியில் விரித்த கம்பளம், இருக்கைக்குக் கீழே ஊறிய நுரைப்பஞ்சு, சட்டத்துக்கு இடையில் தங்கிய மண், உக்கிய இலை. அங்கே வெள்ளை மாப்போல ஒரு தூள் படியும், தட்டிவிட்டால் கீழே ஊசித்துளை தெரியும். இன்னொரு காரணம் வேறு உலோகங்கள் தொடுவது. அதற்குக் கீழே தனிக் கேள்வி உண்டு.

தண்ணி எங்கயிருந்து வருதெண்டே தெரியேல்லை. எப்பிடிப் பிடிக்கிறது?

எளிய வழி, தண்ணீரை உள்ளே விட்டு வெளியே பார்ப்பது. வள்ளத்தை ட்ரெயிலரில் மட்டமாக வைத்து, வெளிப்புற அடியை நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். தண்ணீர் வடியும் துளையின் அடைப்பானைப் பூட்டி, தோட்டக் குழாயால் மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். தண்ணீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம் கலந்தால் நுண்ணிய ஒழுக்கும் தெரியும். ஒருவர் கீழே இருந்து, சொட்டுக் கிளம்பும் இடத்தையெல்லாம் மார்க்கரால் வட்டமிட வேண்டும். பென்சில் வேண்டாம், அதிலுள்ள கிராஃபைட் ஈரத்தில் அலுமினியத்தை அரிக்கும்.

எவ்வளவு தண்ணீர் விடுகிறீர்கள் என்பதில் கவனம் தேவை. 14 அடி வள்ளத்தில் 3 அங்குலம் நின்றாலே 250 கிலோவுக்கு மேல் வரும். வெளியே தண்ணீர் தாங்காமல் உள்ளே மட்டும் அந்தப் பாரம் நின்றால் தகடு தொங்கும், ட்ரெயிலரும் முறியலாம். அடி முழுவதும் முட்டுக் கொடுங்கள், 2 அல்லது 3 அங்குலத்தோடு நிறுத்துங்கள். அணியத்தின் (வள்ளத்தின் முன்முனை) பொருத்தைப் பார்க்க, அதே தண்ணீரோடு ட்ரெயிலரின் முன்பக்கத்தை மெதுவாகத் தாழ்த்தினால் போதும்.

இதெல்லாம் செய்வதற்கு முன் அடைப்பானையும் அது பூட்டும் குழலையும் பாருங்கள். வள்ளம் ஒழுகுகிறது என்று கூப்பிடுகிறார்கள், போய்ப் பார்த்தால் வெடித்த அடைப்பான் இறப்பர்தான் காரணமாக இருக்கும். அது ஐந்து நிமிட வேலை.

ரிவெட் ஒழுகுது. சுத்தியலால ரெண்டு தட்டுத் தட்டினா நிக்குமோ?

பல நேரங்களில் நிற்கும், ஆனால் ஒரு பக்கம் மட்டும் தட்டக்கூடாது. ஒருவர் வெளியே ரிவெட் தலையில் கனமான இரும்புக்கட்டி ஒன்றை அழுத்திப் பிடிக்க வேண்டும். மற்றவர் உள்ளே நசுங்கியிருக்கும் முனையில் சுத்தியலால் அளவாக அடிக்க வேண்டும். கட்டியின் பாரம் அடியை வாங்குவதால் ரிவெட் தடித்து, துளையை மீண்டும் இறுக்கமாக நிரப்பும். கட்டி பிடிக்காமல் அடித்தால் தகடுதான் உள்வாங்கும், பக்கத்து ரிவெட்டுகளும் இளகும்.

மூன்று நான்கு அடியில் இறுகாவிட்டால் நிறுத்துங்கள். அலுமினியத்தை அடிக்க அடிக்க அது கடினமாகி வெடிக்கும். துளையே பெரிதாகிவிட்டிருந்தால் எவ்வளவு அடித்தாலும் பயனில்லை, புது ரிவெட்தான் வழி.

புது ரிவெட் போடுறதெண்டா, கடையில விக்கிற பொப் ரிவெட் காணாதோ?

தண்ணீர் மட்டத்துக்குக் கீழே சாதாரண பொப் ரிவெட் போடாதீர்கள். அதன் நடுவில் கம்பி உடைந்து நிற்கும் துளை வழியாகத் தண்ணீர் வரும். அந்தக் கம்பி இரும்பாக இருந்தால் பிறகு துருவும் சேரும். உள்ளே கை போகாத மூடிய இடமென்றால், முனை அடைபட்ட வகைப் பொப் ரிவெட் இருக்கிறது. உடலும் கம்பியும் அலுமினியமாகப் பார்த்து, சீலன்ட் (கசிவை அடைக்கும் பசை) தொட்டுப் போடலாம்.

கை போகும் இடத்தில், நடுவில் துளையில்லாத திண்ம ரிவெட்டே போடுங்கள். பழையதை எடுக்க, அதன் தலையின் நடுவில் புள்ளியிட்டு, ரிவெட்டின் அளவுக்கு மேற்படாத ட்ரில்லால் தலையை மட்டும் துளைத்து, தலையைக் கழற்றி, மிச்சத்தைப் பின்னால் தட்டி வெளியேற்றுங்கள். முழுவதும் துளைத்துக்கொண்டு போனால் துளை முட்டை வடிவமாகிவிடும். புது ரிவெட்டின் தண்டு நீளம், சேரும் தகடுகளின் மொத்தத் தடிப்போடு ரிவெட் விட்டத்தின் ஒன்றரை மடங்கைக் கூட்டியது. அடித்து முடித்ததும் நசுங்கிய முனையின் அகலம் விட்டத்தின் ஒன்றரை மடங்கும் உயரம் அரை மடங்கும் இருந்தால் சரியாக இறுகியிருக்கிறது. பழைய துளை பெரிதாகியிருந்தால் ஒரு அளவு கூடிய ரிவெட்டுக்குப் போங்கள். தகட்டின் விளிம்பிலிருந்து துளையின் நடுப்புள்ளி, ரிவெட் விட்டத்தைப் போல் இரண்டு மடங்காவது தள்ளியிருக்க வேண்டும்.

அடிக்கும் முன் துளையிலும் தலைக்குக் கீழேயும் கொஞ்சம் கடல்வேலைப் பொலியூரித்தேன் சீலன்ட் வையுங்கள். 3எம் 5200 பலருக்குத் தெரிந்தது. அது முழுதாக இறுக ஒரு வாரம் வரை எடுக்கும். இன்று அடித்து நாளை ஏரிக்கு ஓடாதீர்கள்.

இவ்வளவு மினக்கெடாம உள்ளுக்கு முழுக்கச் சிலிக்கன் பூசிவிட்டா என்ன?

வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். சிலிக்கன் ஒரு பருவம் தாங்கும், பிறகு ஓரம் கிளம்பி அதற்குள்ளேயே தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். வினாகிரி மணம் வரும் வகை இறுகும்போது அமிலத்தை விடும், அது அலுமினியத்துக்குக் கூடாது. எல்லாவற்றிலும் மோசம், சிலிக்கன் பட்ட இடத்தில் பிறகு பெயின்டும் ஒட்டாது, எபொக்சியும் ஒட்டாது. சரியாகத் திருத்த வரும் ஆள் முதலில் அதைச் சுரண்டவே ஒரு நாள் போகும். வீடியோக்களில் காட்டும் இறப்பர் பூச்சுகளுக்கும், ட்ரக்கின் பின்தட்டுக்கு அடிக்கும் தடித்த பூச்சுக்கும் இதே பதில்தான். அவை பாரத்தைக் கூட்டும், தளர்ந்த ரிவெட்டைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கும், ஆனால் தளர்வு தளர்வாகவே இருக்கும்.

பூச்சுக்கும் ஓர் இடம் உண்டு. ரிவெட்டெல்லாம் இறுக்கிய பிறகு, நீளப் பொருத்து மட்டும் இன்னும் கசிந்தால், அலுமினிய வள்ளத்துக்கென்று வரும் இரண்டு பகுதிகளைக் கலக்கும் எபொக்சிப் பசை பூசலாம். மரைன்-டெக்ஸ் குளூவிட் அப்படி ஒன்று. வெற்றி பூச்சில் இல்லை, சுத்தம் செய்வதில் இருக்கிறது. அசெட்டோனால் எண்ணெய்ப் பசையைத் துடைத்து, வேறு உலோகத்தில் பாவிக்காத ஸ்டெயின்லெஸ் கம்பித் தூரிகையால் தகடு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, மீண்டும் துடைத்து, உடனே பூசுங்கள். காலையில் தேய்த்துவிட்டுப் பின்னேரம் பூசினால் அதற்குள் ஒக்சைட் தோல் தடித்துவிடும்.

ஊரில பிளாஸ்டிக் வள்ளத்துக்கு மட் வச்சு ரெசின் பூசுறம். அதையே இதுக்குச் செய்தா?

இலங்கையின் வடக்குக் கரையோரத்தில் வள்ளம் திருத்திய கைகள் இங்கே நிறைய உண்டு, இந்தக் கேள்வி அவர்களிடமிருந்துதான் வரும். கண்ணாடியிழை வள்ளத்தில் ரெசினும் இழைப்பாயும் (மட்) பிடிப்பது, அடியில் இருப்பதும் அதே பொருள் என்பதால். அங்கே பாவிக்கும் பொலியெஸ்டர் ரெசின் அலுமினியத்தில் நெடுநாள் நிற்காது. வெயிலில் அலுமினியம் விரியும் அளவும் ரெசின் விரியும் அளவும் வேறு. அலையில் தகடு அதிரும்போது ஒட்டுப் பாளம் பாளமாகக் கழரும்.

எபொக்சி ரெசினும் கண்ணாடித் துணியும் கொண்டு, மேலே சொன்ன சுத்தத்தோடு செய்தால் ஒரு சிறு ஊசித்துளைக் கூட்டத்தை மூடலாம். வெடிப்புக்கு அது மருந்தல்ல.

வெடிப்பு விட்டிருக்கு அண்ணா. ஒரு விரல் நீளம்தான். விடலாமா?

விடாதீர்கள். வளைந்து வளைந்து களைத்துப்போன இடத்தில் வருவதுதான் வெடிப்பு. உருக்குக்கு ஓர் எல்லை உண்டு. அதற்குக் கீழே எவ்வளவு முறை வளைத்தாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படியான எல்லை இல்லை. சின்ன அதிர்வுகளையும் அது சேர்த்துக்கொண்டே போகும். ஆகவே வெடிப்புத் தானாக நிற்காது.

வெடிப்பின் இரண்டு முனைகளையும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் தேடிப் பிடித்து, ஒவ்வொரு முனையிலும் சிறு துளை ஒன்று போடுங்கள். கூரான முனையில் குவியும் விசை வட்டத் துளையில் பரவிவிடும், வெடிப்பு மேலே ஓடாது. பிறகு 5052 என்ற அலுமினியக் கலவைத் தகட்டில் ஒரு ஒட்டுத் துண்டு வெட்டுங்கள். தடிப்பு அடித்தகட்டின் அளவே இருக்கட்டும், மூலைகளை வட்டமாக்குங்கள். மிகத் தடித்த துண்டு போட்டால் அதன் ஓரத்தில் புது வெடிப்பு வரும். இடையில் சீலன்ட் வைத்து, முன்பு சொன்னபடி ரிவெட் அடியுங்கள். இரண்டு வரிசை அடிப்பதென்றால் ரிவெட்டுகள் ஒன்றுக்கொன்று நேராக வராமல் மாறி மாறி வரட்டும்.

அதோடு விடாமல் ஏன் அங்கே வெடித்தது என்றும் பாருங்கள். பெரும்பாலும் அதற்கு நேர் மேலே இருக்கை கழன்றிருக்கும், அல்லது குறுக்குச் சட்டம் ஒன்று உடைந்திருக்கும், அல்லது ட்ரெயிலரின் உருளை அந்த ஓரிடத்திலேயே முட்டிக்கொண்டிருக்கும். அதைச் சரிசெய்யாமல் ஒட்டுப் போட்டால் அடுத்த வருடம் ஒட்டுக்குப் பக்கத்தில் வெடிக்கும்.

என்னட்ட வெல்டிங் மெசின் இருக்கு. நானே ஒட்டினா?

இரும்புக்கு வாங்கிய சாதாரண மெசினால் முடியாது. அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகும். அதன் மேலுள்ள ஒக்சைட் தோல் உருக 2,000 பாகைக்கு மேல் வேண்டும். தோல் உருகும்வரை சூடாக்கினால் கீழே உலோகம் எப்போதோ ஓடியிருக்கும். இரும்பு சிவந்து எச்சரிக்கும், அலுமினியம் நிறம் மாறாமலே திடீரென்று விழுந்துவிடும். ஏசி மின்னோட்டத்தில் வேலை செய்யும் டிக் (TIG) வெல்டிங் மெசின், சுத்தமான ஆர்கன் வாயு, 5052 தகட்டுக்கு 5356 நிரப்புக்கம்பி, அதோடு பழகிய கை, இவ்வளவும் வேண்டும்.

ரிவெட் வள்ளத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. ஓரிடத்தில் வெல்டிங் செய்தால் சூடு பரவி, பக்கத்து ரிவெட்டுகள் இளகும், பொருத்தில் உள்ள சீலன்ட் எரியும். ஓர் ஒழுக்கை மூடி நாலு ஒழுக்கைத் திறந்த கதையாகிவிடும். இருக்கைக்குள் நுரைப்பஞ்சு இருந்தால் அது எரிந்து நச்சுப்புகை வரும், வெல்டரிடம் கொடுக்கும் முன் கட்டாயம் அகற்றுங்கள். எரிவாயு டோர்ச்சால் உருக்கிவிடும் குறைந்த வெப்பக் கம்பிகளும் கடையில் கிடைக்கின்றன. தனித் துண்டில் அது பிடிக்கும். வள்ளத்தின் பெரிய தகடு சூட்டை இழுத்துக்கொண்டே இருப்பதால், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே நான் அதைப் பாவிக்கச் சொல்வதில்லை.

பின்பலகை உக்கிப்போச்சு. லம்பர் கடையில பச்சை நிறப் பதப்படுத்தின பலகை இருக்கு, அது தண்ணிக்கு உக்காதுதானே?

உக்காது, ஆனால் உங்கள் வள்ளத்தைத் தின்னும். அந்தப் பலகை உக்காமலிருக்க உள்ளே ஏற்றியிருப்பது செம்பு. 2004இலிருந்து வீட்டு வேலைக்கு ஆர்சனிக் கலந்த பழைய வகைப் பலகை வருவதில்லை, அதற்குப் பதிலாக வந்த வகைகளில் செம்பின் அளவு இன்னும் கூட. பலகை நனைந்து தகட்டோடு ஒட்டி நிற்கும்போது அந்தச் செம்பு அலுமினியத்தைத் துளைத்துவிடும். சில வருடத்தில் பலகை புதிதாகவே இருக்கும், அதைத் தாங்கும் தகடு சல்லடையாகியிருக்கும். ட்ரெயிலரில் வள்ளம் அமரும் கட்டைகளுக்கும் இதே விதி.

சரியான வழி, நீர்தாங்கும் பசையால் ஒட்டிய பிளைவூட். மரைன் பிளைவூட் சிறந்தது, நல்ல வெளிவேலைப் பிளைவூட்டும் போதும். பழைய பலகையை உடையாமல் எடுக்கப் பாருங்கள், உக்கியிருந்தாலும் அதுதான் உங்கள் அளவு. மூலைத் தகடுகளின் ரிவெட்டைக் கழற்றினால்தான் பல வள்ளங்களில் பலகை வெளியே வரும். வெளியே வந்ததும் தடிப்பை அளவுங்கள். ஒன்றரை அங்குலமென்றால் முக்கால் அங்குலப் பிளைவூட் இரண்டை எபொக்சியால் ஒட்டி, இறுக்கிப் பிடித்துக் காயவிடுங்கள்.

பிறகு வருவதுதான் அந்தப் பலகையின் ஆயுளைத் தீர்மானிக்கும். எல்லாப் பக்கமும், குறிப்பாக வெட்டு விளிம்புகளும், எபொக்சி குடித்து நிறையும்வரை இரண்டு மூன்று தடவை பூசுங்கள். போல்ட் போகும் துளைகளை முதலில் பெரிதாகத் துளைத்து, தடித்த எபொக்சியால் நிரப்பி, காய்ந்ததும் அதன் நடுவில் சரியான அளவில் துளையுங்கள். அப்போது போல்ட்டைச் சுற்றித் தண்ணீர் இறங்கினாலும் மரத்தைத் தொடாது. பலகைகள் உக்குவது பெரும்பாலும் போல்ட் துளையிலிருந்துதான். எஞ்சின் போல்ட்டுகளுக்குச் சீலன்ட் போட மறக்காதீர்கள்.

ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் அலுமினியத்தை அரிக்குமெண்டு சொல்லுறாங்கள். அப்ப எதைத்தான் போடுறது?

இரண்டு வேறு உலோகம் தொட்டுக்கொண்டு இடையில் தண்ணீரும் இருந்தால் அது ஒரு சிறு மின்கலம். அதில் கரைவது அலுமினியம். ஆனால் ஒரு பெரிய தகட்டில் நாலு ஸ்டெயின்லெஸ் போல்ட் என்றால், நன்னீர் ஏரியில் அரிப்பு மிக மெதுவாகத்தான் நடக்கும். போல்ட்டின் கீழே நைலோன் வளையமும் சீலன்ட்டும் வைத்தால் கவலை இல்லை. சாதாரண இரும்பு ஆணி துருவேறும், பித்தளையும் செம்பும் கூடவே கூடாது.

வள்ளத்தின் அடியில் விழுந்து கிடக்கும் சிறுபொருட்களையும் எடுத்துவிடுங்கள். தூண்டில் ஈயம், பித்தளைக் கொளுக்கி, பழைய கனடிய ஒரு சதக் குற்றி. 1996 வரை வந்த அந்தக் குற்றிகள் பெரும்பாலும் செம்பு. ஈரத்தில் ஒரு குளிர்காலம் கிடந்தால் அதே வட்டத்தில் குழி விழும். பற்றரியின் எதிர்முனையை வள்ளத்தின் உடம்போடு இணைக்கவும் கூடாது. ஒவ்வொரு கருவிக்கும் தனியாக இரண்டு வயர் இழுங்கள்.

இருக்கைக்குக் கீழ இருக்கிற நுரைப்பஞ்சு ஊறிப்போச்சு. எறிஞ்சுபோட்டு சாமான் வைக்கலாமோ?

எறியலாம், ஆனால் வெறுமையாக விடக்கூடாது. அலுமினியம் தண்ணீரைப் போல் 2.7 மடங்கு அடர்த்தி. வள்ளத்துக்குள் தண்ணீர் நிறைந்தால் அதை மிதக்க வைப்பது அந்தப் பஞ்சு மட்டுமே. பிள்ளைகளோடு போகிறீர்கள், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வீட்டுச் சுவருக்குப் போடும் நீலம் அல்லது இளஞ்சிவப்பு நிற அடர்ந்த பொலிஸ்டைரீன் பலகையை வெட்டி இறுக்கமாக அடுக்குங்கள், அது இலேசில் தண்ணீர் குடிக்காது. ஒரு கன அடி நுரை கிட்டத்தட்ட 60 இறாத்தல் பாரத்தை மிதக்க வைக்கும். எடுத்த கன அளவுக்குக் குறையாமல் திரும்ப வையுங்கள். பெற்றோல் பட்டால் இது கரையும், எரிபொருள் தாங்கியைத் தள்ளி வையுங்கள்.

என்ன பெயின்ட் அடிக்கிறது?

தகட்டைக் கௌவும் அமில வகை பிரைமர் முதலில், மேலே நல்ல மரைன் பெயின்ட். சீலன்ட் வேலைகள் காய்ந்த பிறகு அடியுங்கள். கடலில் பாசி பிடிக்காமல் அடிக்கும் செம்புப் பெயின்டை மட்டும் தொடாதீர்கள், காரணம் மேலே சொன்னதுதான். ட்ரெயிலரில் வந்துபோகும் வள்ளத்துக்குப் பாசிப் பெயின்டே தேவையில்லை.

பலகை புதுசு. 9.9 குதிரைவலுவைக் கழட்டிப்போட்டு 20 மாட்டலாமோ?

வள்ளத்தில் ஒட்டியுள்ள கொள்ளளவுத் தகட்டைப் பாருங்கள். எத்தனை பேர், எவ்வளவு பாரம், அதிகபட்சம் எத்தனை குதிரைவலு என்று அதில் இருக்கும். பலகை புதிதாக இருந்தாலும் அந்த எண் மாறாது. எஞ்சின் தள்ளும் விசையைப் பலகையிலிருந்து வாங்கிக்கொள்வது அதே பழைய தகடும் அதே பழைய ரிவெட்டுகளும்தான். பழைய இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினைக் கழற்றி அதே வலுவில் நாலு ஸ்ட்ரோக் மாட்டினாலும் பின்பக்கம் பாரம் கூடும் என்பதை நினைவில் வையுங்கள்.

சட்டப்படி, 10 குதிரைவலுவும் அதற்கு மேலும் உள்ள எஞ்சின் மாட்டிய உல்லாச வள்ளத்துக்குக் கனடாவில் உரிம எண் எடுக்க வேண்டும். 9.9 எஞ்சின்கள் இங்கே இவ்வளவு ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம். எஞ்சின் எவ்வளவு சிறியதானாலும், மின் மோட்டாராக இருந்தாலும், ஓட்டுபவரிடம் இயக்குநர் அட்டை இருக்க வேண்டும். ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கியும் அளவானதாக இருக்க வேண்டும்.

திருத்தினது காணும். நானே புதுசா ஒண்டு கட்டினா என்ன?

திருத்திப் பழகிய கைக்குக் கட்டுவது பெரிய பாய்ச்சல் இல்லை. நல்ல வரைபடம் ஒன்றை வாங்கி, முதலில் அதைக் காட்போட்டில் சிறிதாக வெட்டி ஒட்டிப் பாருங்கள். தகடு எங்கே வளைய மறுக்கிறது என்று அப்போதே தெரியும். அடிக்கும் பக்கத்துக்கும் 5052 அல்லது 5083 தகடு. சட்டங்களுக்கு, அச்சில் தள்ளி எடுத்த 6061 நீளங்கள் பலமானவை, ஆனால் அதைக் கூர்மையாக வளைத்தால் வெடிக்கும், வெல்டிங் செய்த இடத்தில் பலமும் நன்றாகக் குறையும். ஆகவே ரிவெட் முறையில் கட்டுவதே முதல் வள்ளத்துக்கு நல்லது. தகடுகளைத் தற்காலிகமாகப் பிடிக்கும் விமான வேலை ஊசிகளை வாங்கிக்கொண்டால், எல்லாவற்றையும் பொருத்திப் பார்த்துவிட்டுப் பிறகு நிரந்தரமாக அடிக்கலாம்.

இந்த வள்ளத்தை ஊருக்கு அனுப்பினா, தம்பிக்குத் தொழிலுக்கு உதவுமோ?

கடலேரியில் ஓடும், 5052 தகடு உப்பையும் தாங்கும். ஆனால் உப்புத் தண்ணீரில் மேலே சொன்ன மின்கலச் சிக்கல் பல மடங்கு வேகமாக நடக்கும். ஒரு பித்தளைத் துண்டு அங்கே செய்யும் சேதம் சிம்கோவில் செய்வதைப் போலிருக்காது. எஞ்சினைக் காக்கத் தான் கரையும் தியாக உலோகத்தையும் மாற்ற வேண்டும். நன்னீருக்கு மக்னீசியம், கடலுக்குத் துத்தநாகம் அல்லது அலுமினியம்.

அதைவிட முக்கியமானது திருத்துவது. ஊரில் கண்ணாடியிழை வள்ளத்தை ஒரு நாளில் திருத்தித் தர ஆளும் பொருளும் கரையிலேயே உண்டு. திண்ம ரிவெட்டும் 5052 தகடும் தேடித் தம்பி எங்கே அலைவார்? தொழிலுக்கென்றால் காசை அனுப்புங்கள், அவர் அங்கே பழகிய வள்ளத்தை வாங்கட்டும்.

குளிர்காலத்துக்கு எப்பிடி வைக்கிறது? போன முறை வைகாசியில பார்த்தா புது ஒழுக்கு.

அது பனிக்கட்டியின் வேலை. தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 வீதம் பெருக்கும். பொருத்துக்குள் நின்ற தண்ணீர் உறைந்து இரண்டு தகடுகளையும் நெம்பிப் பிரித்துவிடும். பஞ்சு ஊறியிருந்தால் இருக்கையே வீங்கி ரிவெட்டைப் பிடுங்கும்.

கவிழ்த்து வைக்க இடமிருந்தால் கட்டைகள் மேல் கவிழ்த்து வையுங்கள், நிலத்தில் தொடாமல். ட்ரெயிலரில் வைப்பதென்றால் அடைப்பானைக் கழற்றி, அணியத்தைத் தூக்கி, கம்பளத்தை வெளியே எடுத்துவிட்டு, நடுவில் முகடு வரும்படி படங்கு கட்டுங்கள். தட்டையாகக் கட்டினால் பனி சேர்ந்து படங்கோடு உள்ளே இறங்கும். காற்றுப் போக ஓரத்தில் இடைவெளி விடுங்கள். கழற்றிய அடைப்பானை எஞ்சின் சாவியோடு சேர்த்துக் கட்டி வையுங்கள், வசந்தத்தில் அது இல்லாமல் தண்ணீரில் இறக்க முடியாதபடி.

இறக்கும் முன், தண்ணீர் விட்டுப் பார்க்கும் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். முதல் ஓட்டத்தைக் கரையோரமாக, முழங்கால் ஆழத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் அலையில் ஆடவிட்டு அடியைப் பாருங்கள். ஒரு கோப்பைத் தண்ணீர் சேர்ந்திருந்தால் பழைய ரிவெட் வள்ளத்துக்கு அது வழமை. ஒரு வாளி சேர்ந்திருந்தால் திரும்ப ட்ரெயிலரில் ஏற்றி, மார்க்கரை எடுங்கள்.